விண்வெளித் தொலைவு அலகுகளை மாற்றுவது எப்படி? தென்னாப்பிரிக்கத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட கேப் மாகாணத்தின் கரூ வறள்நிலத்தில் நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி, பால்வழி மண்டலத்தின் மையத்துக்கு மேலும் கீழுமாகப் பரந்திருக்கும் இரண்டு பெரிய ரேடியோக் குமிழிகளைக் கண்டறிந்த செய்தி 2019 செப்டம்பரில் வெளியானது. ஆய்வுக் கட்டுரையில் அந்த அமைப்பின் நீளம் 430 பார்செக் என்று இருந்தது. பொதுமக்களுக்கான செய்திகளில் 1,400 ஒளியாண்டு என்று வந்தது. இரண்டும் ஒரே நீளம்தான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் புதியவருக்கு, எதை எதனால் பெருக்கினால் எது வரும் என்பது உடனே புலப்படுவதில்லை. அந்த மாற்றத்தைத் தாமே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. குறிப்பாக, டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் லெனேசியாவிலும் இருந்துகொண்டு, பிள்ளைகளின் பாடநூலை ஆங்கிலத்திலும் வானியல் கட்டுரைகளைத் தமிழ்நாட்டு இதழ்களிலுமாகப் படிக்கிறவர்களுக்காக.

இத்தகைய கணக்குகளில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை வானியலால் வருவன அல்ல, எண்களை எழுதும் முறையால் வருவன. ஆகவே அலகுகளைத் தொடுவதற்கு முன் எண்களைச் சரிசெய்துகொள்வதே முதற்படி.

முதற்படி: எண்ணைப் பத்தின் அடுக்காக எழுதுங்கள்

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் தசமத்தைக் காற்புள்ளியால் குறிப்பதும், ஆயிரங்களுக்கு இடையே சிறு இடைவெளி விடுவதும் வழக்கம். பிள்ளையின் கணக்கு நோட்டில் 3,26 என்று இருந்தால் அது மூன்றும் நூற்றில் இருபத்தாறும் ஆகும். தமிழ்நாட்டு இதழில் 1,62,000 என்று அச்சாகியிருந்தால் அது ஒரு இலட்சத்து அறுபத்திரண்டாயிரம். அதையே இங்குள்ள நூல் 162 000 என்று எழுதும். இரண்டு வழக்கங்களும் ஒரே மேசையில் சேரும்போது கணக்கு பிசகுவது இயல்பே. கணினியில் விரிதாள் பயன்படுத்துகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்: கணினியின் வட்டார அமைப்பு தென்னாப்பிரிக்காவுக்கு உரியதாக இருந்தால், வெளிநாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய 3.26 என்பதை அது எண்ணாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளக்கூடும். அதன் மீது செய்யும் பெருக்கல் பிழைச் செய்தியில் முடியும். இக்கட்டுரையில் புள்ளியே தசமத்தைக் குறிக்கும். காற்புள்ளி தமிழ் இதழ்களில் உள்ளபடி ஆயிரம், இலட்சம், கோடிகளைப் பிரிக்கும்.

பெரிய எண்களின் பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. மில்லியன் என்பது பத்து இலட்சம், அதாவது 10⁶. பில்லியன் என்பது நூறு கோடி, 10⁹. டிரில்லியன் என்பது ஒரு இலட்சம் கோடி, 10¹². இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஆங்கில நூலுக்கும் தமிழ் இதழுக்கும் இடையே தடையின்றிப் போய்வரலாம். ஆஃப்ரிகான்ஸ் நூல்களைப் படிக்கிறவர்கள் மட்டும் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அம்மொழியில் 10⁹ என்பதை மில்யார்ட் என்பார்கள், ஆங்கில பில்லியனைப் போலவே ஒலிக்கும் பில்யூன் அங்கே 10¹² ஆகும். ஒலி ஒன்றுபோல இருப்பதை நம்பி எடுத்தெழுதினால் விடை ஆயிரம் மடங்கு தவறிவிடும்.

எனவே எந்த எண்ணைக் கண்டாலும், எந்த மொழியில் கண்டாலும், முதலில் அதை ஒரு தாளில் பத்தின் அடுக்காக எழுதிக்கொள்ளுங்கள். 450 கோடி என்பது 4.5 × 10⁹. 40 இலட்சம் கோடி என்பது 4 × 10¹³. இந்தப் பழக்கம் வந்துவிட்டால் மீதி வேலை எளிது. கால்குலேட்டரில் பதியும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அடுக்குக்கான தனிப் பொத்தானிலேயே பத்தால் பெருக்கும் செயலும் அடங்கியிருக்கிறது. 9.46 என்று அழுத்தி, உடனே அந்தப் பொத்தானை அழுத்தி, 12 என்று அழுத்தினால் போதும். இடையில் பெருக்கல் குறியையும் 10-ஐயும் தனியாகச் சேர்த்தால் விடை பத்து மடங்கு பெருகிவிடும். வகுப்பில் மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு இதுவே என்பது என் கணிப்பு.

இரண்டாம் படி: அலகுகளையும் அவற்றின் வேர்களையும் அறிந்துகொள்ளுங்கள்

கிலோமீட்டரைத் தவிர நமக்கு வேண்டிய அலகுகள் மூன்றே. முதலாவது வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவை ஒட்டி அமைந்த இந்த அலகை, 2012-இல் பெய்ஜிங்கில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் 149,59,78,70,700 மீட்டர் என்று துல்லியமாக வரையறுத்தது. நாம் 1.496 × 10⁸ கிலோமீட்டர் என்று கொள்ளலாம். மனக்கணக்குக்குப் பதினைந்து கோடி கிலோமீட்டர் போதும்.

இரண்டாவது ஒளியாண்டு. பெயரில் ஆண்டு இருந்தாலும் இது தொலைவையே அளக்கிறது என்பதைப் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் எந்த ஆண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. அது 365.25 நாள் கொண்ட ஜூலியன் ஆண்டு. ஒரு நாளுக்கு 86,400 நொடி என்பதால் அந்த ஆண்டில் 3,15,57,600 நொடிகள் உள்ளன. ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடிக்கு 2,99,792.458 கிலோமீட்டர் செல்கிறது. இது அளந்து பெற்ற எண்ணன்று, 1983 முதல் மீட்டரையே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் 9.4607 × 10¹² கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர் கிடைக்கும். இதை ஒருமுறையாவது கையால் பெருக்கிப் பார்ப்பது நல்லது. பிறகு இந்த எண்ணை மறந்தாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது பார்செக். புதியவர்கள் இதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம், இதன் வரையறை கோணத்திலிருந்து வருவதுதான். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. கலையை அறுபதாகப் பிரித்தால் ஒரு விகலை. ஒரு வானியல் அலகு நீளமுள்ள கோடு எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு விகலை அகலமாகத் தோன்றுமோ, அந்தத் தொலைவே ஒரு பார்செக். 180 பாகையில் 6,48,000 விகலைகள் உள்ளன. அந்த எண்ணை வட்டக் கணக்கில் வரும் பை (π, சுமார் 3.1416) என்ற மாறிலியால் வகுத்தால் 2,06,265 வருகிறது. ஒரு பார்செக்கில் அத்தனை வானியல் அலகுகள் அடங்கும். கிலோமீட்டரில் அது 3.0857 × 10¹³, அதாவது ஏறத்தாழ 31 இலட்சம் கோடி.

ஒரு ஒளியாண்டில் 63,241 வானியல் அலகுகள் உள்ளன. 2,06,265-ஐ 63,241-ஆல் வகுத்தால் 3.2616 வரும், ஒரு பார்செக்குக்கு அத்தனை ஒளியாண்டுகள். தலைகீழாக்கினால் ஒரு ஒளியாண்டுக்கு 0.3066 பார்செக். இந்த நாட்டில் மெட்ரிக் முறை வருவதற்கு முன் பள்ளிக்குச் சென்ற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இதை நொடியில் விளக்கிவிடலாம்: ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் இருப்பதால், பூமிக்கும் சூரியனுக்கும் இடையே ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டால் ஒளியாண்டு ஏறக்குறைய ஒரு மைல் ஆகிவிடும்.

இவற்றோடு சேரும் முன்னொட்டுகள் நமக்குப் பழகியவையே. கிலோபார்செக் என்றால் ஆயிரம், மெகாபார்செக் என்றால் பத்து இலட்சம், கிகாபார்செக் என்றால் நூறு கோடி பார்செக்.

மூன்றாம் படி: அலகை அலகால் வெட்டுங்கள்

பெருக்குவதா வகுப்பதா என்ற ஐயம் எழும்போது நினைவாற்றலை நம்ப வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் எழுதி, பின்னத்தின் மேலும் கீழும் ஒரே அலகு வரும்போது அடித்துவிடுங்கள். வேண்டிய அலகு மட்டும் மிஞ்சினால் வழி சரி. குமிழிகளின் நீளத்தையே எடுத்துக்கொள்வோம். 430 பார்செக் என்று எழுதி, அதன் பக்கத்தில் 3.2616 ஒளியாண்டு / 1 பார்செக் என்ற பின்னத்தை எழுதுகிறோம். பார்செக்கும் பார்செக்கும் அடிபட, 430 × 3.2616 = 1,402 ஒளியாண்டு மிஞ்சுகிறது. தாள் இல்லாத இடத்தில் மூன்றால் பெருக்கி அதனோடு முதல் எண்ணின் கால் பங்கைச் சேருங்கள்: 1,290-உடன் 107 சேர்ந்தால் 1,397. அவசரத்துக்கு இது தாராளமாகப் போதும்.

விடை வந்ததும் திசையைச் சரிபாருங்கள். சிறிய அலகுக்கு மாற்றினால் எண் பெருக வேண்டும். பெரிய அலகுக்கு மாற்றினால் எண் குறைய வேண்டும். பார்செக் ஒளியாண்டைவிடப் பெரியது. எனவே பார்செக்கிலிருந்து ஒளியாண்டுக்கு மாற்றிய பின் எண் குறைந்திருந்தால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

சூரியக் குடும்பத்துக்குள் இருக்கும்வரை வானியல் அலகே தகுந்தது. நெப்டியூன் சூரியனிலிருந்து சராசரியாக 30.07 வானியல் அலகு தொலைவில் உள்ளது. பதினைந்து கோடியை முப்பதால் பெருக்க, 450 கோடி கிலோமீட்டர் என்று மனத்திலேயே விடை வந்துவிடும். இதை ஒளியாண்டாக மாற்றினால் 0.000475 வரும், கணக்கு சரிதான், ஆனால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை. ஒளி ஒரு வானியல் அலகைக் கடக்க 499 நொடி ஆகிறது என்பதைப் பயன்படுத்தி, 30.07 × 499 = 15,005 நொடி, அதாவது நான்கு மணி பத்து நிமிடம் என்று சொல்வதே பொருத்தம்.

இனி விண்மீன்களுக்குச் செல்வோம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை, ராபர்ட் இன்னஸ் 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கின் யூனியன் வானாய்வகத்திலிருந்து கண்டறிந்தார். அதன் தொலைவு 1.302 பார்செக். ஒளியாண்டில் 1.302 × 3.2616 = 4.247. வானியல் அலகில் 1.302 × 2,06,265 = 2,68,557; இதை 2,69,000 என்று முழுமையாக்கலாம். கிலோமீட்டரில் 1.302 × 3.0857 × 10¹³ = 4.02 × 10¹³, அதாவது நாற்பது இலட்சம் கோடி. ஒரே தொலைவை நான்கு அலகுகளிலும் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. நான்கில் எது வாசகருக்குப் பயன்படும் என்பதும் அப்போது தானே தெரிந்துவிடும்.

நான்காம் படி: கோணத்திலிருந்து தொலைவை எடுங்கள்

ஒளியாண்டு இருக்கும்போது வானியலாளர்கள் பார்செக்கை ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு விடை இந்தப் படியில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும்போது, அருகிலுள்ள விண்மீன் பின்னணி விண்மீன்களுக்கு எதிரே சிறிதளவு இடம் மாறித் தோன்றும். ஆறு மாத இடைவெளியில் காணும் முழுப் பெயர்ச்சியில் பாதியே இடமாறு கோணம். 1-ஐ அந்தக் கோணத்தின் விகலை அளவால் வகுத்தால் தொலைவு நேரே பார்செக்கில் வந்துவிடுகிறது. இடையில் எந்த மாறிலியும் தேவையில்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் கயா விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்ட பட்டியல்கள் விகலையின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொள்வதால், அங்கே 1,000-ஐ வகுக்க வேண்டும். பிராக்சிமாவின் கோணம் அப்பட்டியலில் 768.07; 1,000 ÷ 768.07 = 1.302. மேலே கண்ட எண் இப்படித்தான் பிறந்தது.

கோணம் பெரிதானால் தொலைவு குறையும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கேப் நகரில் இருந்த அரச வானாய்வகத்தில் 1832, 1833 ஆண்டுகளில் பணியாற்றிய தாமஸ் ஹெண்டர்சன், தெற்குச் சிலுவையைச் சுட்டி நிற்கும் இரு விண்மீன்களில் ஒளிமிக்கதான ஆல்ஃபா சென்டாரியை அங்கிருந்து அளந்தார். விடையை வெளியிட அவர் தயங்கி 1839 வரை பொறுத்ததால், 1838-இல் வேறொரு விண்மீனின் அளவை வெளியிட்ட ஜெர்மானியரான பெஸ்ஸல் முந்திக்கொண்டார். ஹெண்டர்சன் பெற்ற கோணம் சுமார் 1.16 விகலை. அதன்படி தொலைவு 0.86 பார்செக், அதாவது 2.8 ஒளியாண்டு. இன்றைய அளவு சுமார் 0.75 விகலை, 1 ÷ 0.75 = 1.33 பார்செக், 4.35 ஒளியாண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கையால் திருப்பும் கருவியைக் கொண்டு, இத்தனை சிறிய கோணத்தில் இவ்வளவு நெருங்கியது பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

இதே 2,06,265 என்ற எண் மறுபக்கமாகவும் உதவும். ஒரு பொருளின் உண்மையான நீளத்தை அதன் தொலைவால் வகுத்து, 2,06,265-ஆல் பெருக்கினால், அது வானில் எத்தனை விகலை அகலமாகத் தோன்றும் என்பது தெரியும். நீளமும் தொலைவும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பால்வழி மையம் நம்மிடமிருந்து சுமார் 8.2 கிலோபார்செக், அதாவது 8,200 பார்செக் தொலைவில் உள்ளது. 430-ஐ 8,200-ஆல் வகுத்துப் பெருக்கினால் ஏறத்தாழ 10,800 விகலை. 3,600-ஆல் வகுத்தால் மூன்று பாகை. முழுநிலவு அரைப் பாகை அகலம் என்பதால், மீர்காட் கண்ட அந்தக் குமிழிகள் நம் கண்ணுக்குத் தெரிவனவாக இருந்தால் ஆறு நிலவுகளை வரிசையாக வைத்த நீளத்துக்கு நீண்டிருக்கும்.

இடமாறு கோணம் எட்டாத தொலைவுகளுக்கு வானியலாளர்கள் தொலைவுக் குறியெண் என்ற ஒன்றைத் தருவார்கள்; ஒரு பொருள் நமக்குத் தோன்றும் ஒளிர்வுக்கும் அதன் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் எண் அது. அதனோடு 5-ஐக் கூட்டி, 5-ஆல் வகுத்து, வரும் எண்ணைப் பத்தின் அடுக்காக ஏற்றினால் பார்செக் கிடைக்கும். பால்வழிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் மண்டலமான பெரிய மகெல்லன் மேகத்துக்கு அக்குறியெண் 18.477. கூட்டினால் 23.477, வகுத்தால் 4.6954, அடுக்கேற்றினால் சுமார் 49,600 பார்செக்.

ஐந்தாம் படி: எத்தனை இலக்கம் எழுதலாம் என்று முடிவு செய்யுங்கள்

கால்குலேட்டர் பத்து இலக்கம் காட்டுகிறது என்பதற்காகப் பத்தையும் எழுதக் கூடாது. பொதுமக்களுக்கான நூலொன்றில் பெரிய மகெல்லன் மேகம் 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது என்று படிக்கிறீர்கள். அதை 0.3066-ஆல் பெருக்கினால் திரையில் 49,056 பார்செக் வரும். ஆனால் 1,60,000 என்பதே முழுமையாக்கிய எண். அதில் நம்பத்தக்கவை இரண்டு இலக்கங்களே. எனவே 49 கிலோபார்செக் என்று எழுதுவதே நேர்மை. எதிர்த்திசையில், அளந்து பெற்ற 49.6 கிலோபார்செக்கில் தொடங்கினால் 1,62,000 ஒளியாண்டு என்று மூன்று இலக்கம் எழுதலாம். இரண்டு நூல்களில் 1,60,000 என்றும் 1,62,000 என்றும் இருப்பது முரண்பாடு அன்று. ஒன்று மற்றொன்றைவிடச் சற்று அதிகமாக முழுமையாக்கப்பட்டது, அவ்வளவே. மாறிலியையும் அதற்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று இலக்க விடைக்கு 3.26 போதும்.

முழுமையாக்கிய விடையைக் கொண்டு அடுத்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள். ஒளியாண்டிலிருந்து பார்செக்குக்கும், அங்கிருந்து கிலோமீட்டருக்கும் போவதானால், இடை விடையைக் கால்குலேட்டரின் நினைவிலேயே வைத்திருந்து, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

மிகத் தொலைவான பொருள்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆந்த்ரோமெடா மண்டலம் வரையில், அதாவது 0.78 மெகாபார்செக், சுமார் 25 இலட்சம் ஒளியாண்டு வரையில், மேலே சொன்னவை எல்லாம் அப்படியே பொருந்தும். அதற்கு வெகுதூரம் அப்பால், பேரண்டத்தின் விரிவு கணக்கில் நுழைந்துவிடுகிறது. விரிவின் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியில் இரண்டு நீள அலகுகள் ஒளிந்திருக்கின்றன: ஒரு மெகாபார்செக்குக்கு, நொடிக்கு 70 கிலோமீட்டர் என்று அதைத் தோராயமாகச் சொல்வார்கள். மெகாபார்செக்கைக் கிலோமீட்டராக்கினால் 3.0857 × 10¹⁹. 70-ஐ அதனால் வகுக்கும்போது கிலோமீட்டர் கிலோமீட்டரோடு அடிபட்டு, நொடிக்கு 2.27 × 10⁻¹⁸ என்பது மட்டும் மிஞ்சும். அதைத் தலைகீழாக்கினால் 4.4 × 10¹⁷ நொடி. ஆண்டாக்கினால் சுமார் 1,400 கோடி. பேரண்டத்தின் வயதாகக் கணிக்கப்படும் 1,380 கோடி ஆண்டுக்கு அருகிலேயே இது வந்து நிற்பது, அலகு மாற்றம் செய்து பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கும் சிறப்பான பரிசு என்பேன்.

ஆனால் இந்த எல்லையில் ‘ஒளியாண்டு’ என்று அச்சிட்டிருந்தால் அது எந்தத் தொலைவு என்று முதலில் கேட்க வேண்டும். பேரண்டத்தின் விரிவால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும் எண்ணே செம்பெயர்ச்சி. செம்பெயர்ச்சி 1 உடைய ஒரு விண்மீன் மண்டலத்தின் ஒளி நம்மை அடைய 800 கோடி ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் வெளி விரிந்ததால் அம்மண்டலம் இன்று 1,100 கோடி ஒளியாண்டு அளவில் உள்ளது. செய்தித்தாள் முதல் எண்ணைத் தரும், ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைத் தரும். காணக்கூடிய பேரண்டத்தின் எல்லை 4,650 கோடி ஒளியாண்டு என்று சொல்வது இரண்டாம் வகை எண், 3.26-ஆல் வகுத்தால் அது 14.3 கிகாபார்செக் ஆகும். முதல் வகை எண்ணை, அதாவது ஒளி பயணம் செய்த காலத்தை, பார்செக்காக மாற்றினால் கணக்கு பிழையின்றி வந்துவிடும், ஆனால் கிடைக்கும் விடை அந்த மண்டலம் இன்று இருக்கும் தொலைவாக இராது. ஆகவே நூறு கோடி ஒளியாண்டைத் தாண்டிய எந்த எண்ணையும், அது ஒளியின் பயணக் காலமா இன்றைய தொலைவா என்று செய்தியின் கீழ்ப்பகுதி வரை படித்துத் தெளிந்த பிறகே மாற்றத் தொடங்குங்கள்; செய்தியில் செம்பெயர்ச்சி மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால், பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அண்டவியல் கணிப்பான்களில் அந்த எண்ணை இட்டு, இரண்டு விடைகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.